8×42 பைனாகுலரோடு ஏழு ஆண்டுகள்

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகத் தொடங்கிய புதிதில், எண் பெரிதாக இருந்தால் பொருளும் உயர்வாக இருக்கும் என்று நம்பி 10×50 பைனாகுலர் ஒன்றை வாங்கினேன். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. கையின் சிறு நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கிக் காட்டியதால், ஏரிக்கரையில் நின்று பார்க்கும்போது நத்தைகுத்தி நாரையின் அலகிடையே உள்ள சந்து கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் காட்சி ஆடிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை என் மூக்குக் கண்ணாடி. கண்ணைப் பின்வில்லையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரம் தள்ளி வைத்து முழுக்காட்சியையும் பார்க்கலாம் என்பதைச் சொல்லும் 'ஐ ரிலீஃப்' அளவு அதில் குறைவு. சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போலத்தான் இருந்தது. கண்ணாடி அணிபவர்களுக்கு அது 16 மில்லிமீட்டராவது வேண்டும் என்பதை அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு வாங்கிய 8×42 தான் இன்றுவரை என் கழுத்தில் தொங்குகிறது. முன்வில்லையின் விட்டமான 42-ஐ உருப்பெருக்கமான 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர் வருகிறது. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அதுவே. சட்டைப் பைக்குள் அடங்கும் 10×25-இல் அது 2.5 மட்டுமே. நண்பகலில் நம் கண்பாப்பா சுருங்கியிருப்பதால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அரிவாள் மூக்கன்கள் கூட்டங்கூட்டமாக அடையத் திரும்பும் அந்தி வேளையில்தான் சிறியது மங்கிப்போகும். கடையில் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். கடையில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று உண்டு: பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பின்வில்லையில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கவனியுங்கள். அது முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால், உள்ளிருக்கும் பட்டகம் மட்டமானதாக இருக்கக்கூடும்.

வலக்கண் பக்கத்து டயாப்டர் வளையத்தை நான் முதல் ஆறு மாதம் தொடவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தாலும், பின்பு வலக்கண்ணுக்கு அந்த வளையத்தாலும் கூர்மையைச் சரிசெய்த பிறகே தலைவலி நின்றது.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாம் ஆண்டில் கண்வளைய ரப்பர் பிசுபிசுத்து உரிந்தது; முன்வில்லை மூடிகள் எங்கே விழுந்தன என்று தெரியாது. ஆனால் நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்டது என்பதால் சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும் உட்புறம் இதுவரை பூஞ்சை படரவில்லை. பழைய 10×50-இல் இரண்டே மழைக்காலத்தில் சிலந்தி வலை போலப் படர்ந்தது. சுத்தம் செய்து தந்த கடைக்காரர் இரு குழல்களின் நேர்க்கோட்டைக் கெடுத்துவிட்டதால் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. அதன் பிறகு, பயன்படுத்தாத நாட்களில் எதையும் தோலுறையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்கிறேன்.

அந்த 10×50-ஐ வேறொருவரிடம் கொடுத்து நேராக்கி வாங்கி, முக்காலியில் பொருத்தி மொட்டை மாடிக்கு ஒதுக்கிவிட்டேன். நடுக்கம் இல்லாததால், வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் அதில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிகின்றன.