ஊட்டிக் குளிரில் கார் பேட்டரி: காலையில் பத்து நிமிடம் ஓடவிடுவதா, இரவில் சார்ஜர் போடுவதா?

எங்கள் கார் வாரத்தில் ஒருநாள் வெளியே போனாலே அதிகம். சிறிய பெட்ரோல் வண்டி, 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரிக் கொள்ளளவின் அளவு) பேட்டரி. வீடு ஊட்டியில். ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலைகளில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகும். சில நாள் 'டிக் டிக்' சத்தத்தோடு சரி. இரண்டே வருடத்தில் ஒரு பேட்டரி போனது. அடுத்ததையாவது காப்பாற்றலாம் என்று இரண்டு வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது நான் சார்ஜர் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓடவிடுகிற கட்சிக்கு எங்கள் வீட்டில் தலைவர் என் மாமனார். "மாப்ளே, காலைல பத்து நிமிஷம் ஐடில்ல விடுங்க, டைனமோ பாத்துக்கும்" என்பார். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டருக்கு, மெக்கானிக்குகளைப் போல அவரிடமும் டைனமோ என்றுதான் பெயர். காசு செலவில்லை, வயர் இழுக்க வேண்டாம், எஞ்சினுக்கும் நல்லது என்பது அவர் கணக்கு. கடைசிச் சங்கதி மட்டும் சரியில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் புகைக்குழாயில் ஈரம் தங்கும், கொஞ்சம் பெட்ரோல் ஆயிலிலும் கலக்கும்.

சரி, பேட்டரிக்கு என்ன கிடைக்கிறது? அதை ஒருநாள் காலையில் அளந்தே பார்த்தேன். வண்டி ஒன்பது நாள் நின்றிருந்தது. ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியில் 12.3 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும். இது சுமார் 60 சதவீதம்தான். பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். வோல்டேஜ் 14.4க்கு ஏறியது, உள்ளே போகும் கரண்ட் 19 ஆம்பியர். பிரமாதம் என்று நினைத்தேன். ஐந்தாவது நிமிடம் 12. பத்தாவது நிமிடம் 9. மொத்தத்தில் இரண்டு ஏஹெச் உள்ளே போயிருக்கும். குறை இருந்ததோ பதினான்கு.

ஆல்டர்னேட்டர்மேல் பழி சொல்ல முடியாது. அது கரண்டை பேட்டரிக்குள் திணிப்பதில்லை. ரெகுலேட்டர் 14 சொச்சம் வோல்ட்டில் பிடித்து வைக்கும், பேட்டரி தன்னால் முடிந்ததை இழுத்துக்கொள்ளும். குளிரில் உள்ளே ரசாயன வேலை மந்தமாக நடப்பதால் இழுப்பது குறையும். பேட்டரி நிரம்ப நிரம்ப இன்னும் குறையும். சாக்கில் நெல் கொட்டுவதைப் போலத்தான்: அடிப்பாதி சரசரவென்று இறங்கிவிடும், வாய் நெருங்கும்போது குலுக்கிக் குலுக்கித்தான் நிரப்ப முடியும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அங்கே ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியரா 90 ஆம்பியரா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை.

அதே காலையில் ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி டிஃபாகர் மூன்றையும் போட்டேன். பனி மூடிய நாளில் எல்லாரும் போடுவதுதானே. ஐடிலில் ஆல்டர்னேட்டரால் முழுத் திறனைத் தர முடியாது. மீட்டர் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே ஆடியது. பத்து நிமிடம் என்ன, அரை மணி நேரம் ஓடவிட்டாலும் அந்த நிலையில் ஒன்றும் சேராது.

பலர் செல்ஃப் எடுப்பதில்தான் பேட்டரி காலியாகிறது என்று நினைக்கிறார்கள். 150, 200 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு மூன்று விநாடிதானே. கணக்குப் போட்டால் 0.2 ஏஹெச்கூட வராது. பேட்டரியைத் தின்பது வண்டி சும்மா நிற்பதுதான். அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து என் வண்டியில் 30 மில்லிஆம்பியர். வாரத்துக்கு 5 ஏஹெச். வாரத்தில் இரண்டு நாள் ஓடவிட்டால் இழப்பும் வரவும் எங்கோ அறுபது சதவீதத்தில் சமமாகி அங்கேயே நின்றுவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. குறைச் சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் தகடுகள்மேல் சல்ஃபேட் இறுகும். அப்புறம் நிரப்பினாலும் பழைய கொள்ளளவு வராது. குளிரில்லாத மேட்டுப்பாளையத்தில் என் பழைய பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கும். இங்கே ஆயில் கெட்டியாகிற ஒரு காலையில் காட்டிக்கொடுத்துவிட்டது.

சார்ஜர் சின்னப் பெட்டிதான், 4 ஆம்பியர். இரவு எட்டு மணிக்கு மாட்டினேன். பதினொன்றரை வரை கிட்டத்தட்ட முழு 4 ஆம்பியர், அப்புறம் மெதுவாக இறங்கி, விடியும்போது 13.6 வோல்ட்டில் ஃப்ளோட்டுக்கு (நிறைந்ததை அப்படியே நிறைவாக வைத்திருக்கும் நிலைக்கு) மாறியிருந்தது. செலவு கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பத்து நிமிடம் ஐடிலில் போகும் பெட்ரோலின் விலை இதைவிட அதிகம். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவை பேட்டரிக்குத் தள்ளி எஞ்சின் உலோகத்தில். பானட் திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை மாட்டுகிறேன். இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, இதே பேட்டரி ஒரே சுற்றில் எடுக்கிறது.

வண்டியை நிஜமாகவே ஓட்டுவது மூன்றாவது வழி. குன்னூர் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரும்போது ஆல்டர்னேட்டர் பெட்ரோல் செலவே இல்லாமல் வேகமாகச் சுற்றும். பிரேக்குக்கும் டயருக்கும் இதுதான் நல்லது, சார்ஜரால் அதெல்லாம் ஆகாது. மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். ஆனால் திரும்பி வந்ததும் அளந்தபோதும் பேட்டரி இன்னும் 3 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது.

நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பது ஊருக்குப் போகிறவர்களுக்குப் போதும்.

இதெல்லாம் ஒரே ஒரு பெட்ரோல் வண்டியில் பார்த்தது. குளோ பிளக் வைத்த டீசலிலோ, சிக்னலில் தானே அணையும் புது வண்டிகளிலோ நான் கை வைத்ததில்லை; அவற்றுக்கு என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவோரம் நிறுத்துபவர்கள் சார்ஜர் போட வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். ஒன்பது பத்து கிலோ இருக்கும். மூன்றாவது மாடிக்காரர்களுக்கு மாமனார் வழிதான் சுலபம். ஆனால் பத்து நிமிடத்தோடு நிறுத்தாமல் லைட்டையும் டிஃபாகரையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ரோட்டில் ஓட்டி வாருங்கள்.