பாலக்காடு தோல்பாவைக்கூத்து: எங்க வழிபாட்டு ராத்திரி, ரிவ்யூ

பாலக்காடு ஜில்லால ஒரு பகவதி கோயில்ல பணம் கட்டி ஒரு ராத்திரி தோல்பாவைக்கூத்த, அதாவது தோல் பொம்மையோட நிழல திரையில காட்டி கம்பராமாயணம் சொல்ற கூத்த, எங்க குடும்ப வழிபாடா நடத்தினோம்ங்க, நீங்களும் நடத்தலாமான்னு யோசிச்சா தாராளமா நடத்துங்க, அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.

ஆனா கூட்டத்த எதிர்பார்க்காதீங்க. விளக்கு ஏத்தறப்ப இருந்த சனம் நடுராத்திரிக்குள்ள கலைஞ்சிருச்சு, எங்க ஆளுங்களே பாதிப்பேர் பாயில சாஞ்சுட்டாங்க, கடைசில முழிச்சிருந்தது நானும் பெரியப்பாவும்தான். அப்பதான் கும்பகர்ணன எழுப்பற எடம் வருது. ஒரு பாட்டக்கூட விடல, சுருக்கல. புலவர், அதாவது கூத்து நடத்தற தலைமைக் கலைஞர், கம்பர் பாட்ட பாடி நிறுத்துவார், கூட இருக்கறவர் ஒரு சந்தேகம் கேப்பார், அதுக்கு இவர் தமிழும் மலையாளமும் கலந்து வெளக்கம் சொல்லுவார், அந்த ஒரு பாட்டுக்கே அவ்ளோ நேரம்! சித்தூர் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு ரெண்டு பாஷையும் புரியறதால அது தனி சொகம்.

அனுமதி கேட்டுட்டு கூத்துமாடத்துக்குள்ள, கூத்து நடக்கறதுக்குன்னே கட்டின மேடைக்குள்ள, போய் பாத்தேன். திரைக்குப் பின்னால தேங்காமூடில 21 விளக்கு வரிசையா எரியுது, அந்த அனல்ல ரெண்டு நிமிஷம் நிக்க முடியல. ஒரு பையன் இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் எண்ணெய் ஊத்தி திரியத் தூண்டிட்டே இருக்கான், புலவர் மேல துண்டு கூட இல்லாம வேர்த்துக் கொட்ட பாவைய திரையோட ஒட்டிப் புடிச்சிருக்கார், தோல்ல குத்தின பொடிப்பொடி ஓட்டையெல்லாம் வெளிய நகையா மின்னுது. வெளிய எத்தன பேர் இருக்காங்கன்னு அங்கருந்து தெரியவே தெரியாது, கலைஞர்கள் எட்டியும் பாக்கல.

ராவண வதம் நடந்தப்ப பத்ரகாளி தாரிகன்ங்கற அசுரனோட சண்டையில இருந்ததால அதப் பாக்க முடியல, அம்மாவுக்காகத்தான் இந்தக் கூத்துன்னு ஐதீகம். அதனாலதான் மாடம் சன்னதிய பாத்து இருக்கு. ஆனா ஐதீகம் இருக்குன்னா மட்டும் தொண்டை இப்படி ஒழைக்காதுங்க, அது அவங்க தொழில் மேல வச்சிருக்கற மரியாதை. 2021ல ராமச்சந்திர புலவருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா பேரு வெளிய தெரியாத எத்தனையோ கலைஞர்களும் சீசன் பூரா இதே மாதிரி விடிய விடிய பாடறாங்க.

கொற ஒன்னுதான், பக்கத்துல யாரோ வச்ச ஸ்பீக்கர் சத்தத்துல மொத ரெண்டு மணி நேரம் பாட்டு சரியா கேக்கல.

ஸ்கூல், ஹால்லயெல்லாம் சின்ன ஷோவா போடறாங்க, அது பழகறதுக்கு நல்லதுதான், ஆனா ஒரு தடவையாவது கோயில்ல வந்து பாருங்க. சீசன் ஜனவரியிலருந்து மே வரைக்கும், கோயில் கமிட்டில முன்னாடியே சொல்லி வைங்க. பாய், போர்வை, பிளாஸ்க்ல காப்பி எடுத்துக்கோங்க. கமிட்டிக்கு கட்டற பணத்துக்கு மேல கலைஞர்களுக்கு தனியா தட்சிணையும் வைங்க, எண்ணெய் ஊத்தற பையனுக்கும் சேத்து.