வாகனத்துக்குப் பாட்டு சீடி அடிக்கக் கொடுக்கிறவர்கள் கவனம், எனக்கு 9,600 ரூபா போய்விட்டது

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் உள்ள ஒரு சீடிக் கடையில் 9,600 ரூபா கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். நேற்றுத்தான் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என்னுடையது பழைய ஜப்பான் வான். செட்டில் யுஎஸ்பி இல்லை, எம்பி3 எடுக்காது, ஓடியோ சீடி மட்டும்தான் பாடும். இதைக் கடைக்காரத் தம்பியிடம் முதலே சொன்னேன், செட்டைப் படம் எடுத்தும் காட்டினேன். "யோசிக்காதேங்கோ அண்ணை, உங்கட செட்டுக்கு ஏற்ற மாதிரியே அடிச்சுத் தாறன்" என்றார். பென் டிரைவில் 500 பாட்டுக்குக் கிட்ட இருந்தது, அதோடு அப்பா காத்தவராயன் கூத்தில் பாடியதும், பழைய கசெட்டிலிருந்து மருமகன் மாற்றித் தந்தது. டிஸ்க் ஒன்று 300 ரூபாப்படி 32 டிஸ்க். எடுக்கப் போன அன்று கடைக் கணினியில் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அப்பாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. அதற்குமேல் எனக்கு எதையும் சோதிக்கத் தோன்றவில்லை, 9,600 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தேன். வான் வாசலில்தான் நின்றது.

அடுத்த நாள் விடிய கொழும்புக்கு ஹயர். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு முதல் டிஸ்கைப் போட்டால் செட் வெளியே தள்ளுகிறது. மாங்குளம் வருவதற்குள் ஏழு டிஸ்க் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பாடவில்லை.

கடைக்காரத் தம்பியிடம் கேட்டதற்கு "லென்ஸில தூசி அண்ணை" என்றார். சரி என்று வவுனியாவில் செட் திருத்துபவரிடம் காட்டினேன். கடையில் வாங்கிய பழைய சீடி ஒன்றைப் போட்டார், மணிமணியாகப் பாடியது. என் டிஸ்க் முழுவதும் எம்பி3 கோப்பு, கடைக் கணினி அதைப் பாடும், என் செட் பாடாது. ஓடியோ சீடியில் 80 நிமிடம், பதினாறு பாட்டுப் போலத்தான் கொள்ளும். எம்பி3 என்றால் சுருக்கிய கோப்பு, அதே டிஸ்கின் 700 எம்பி இடத்தில் 150 பாட்டுக்குக் கிட்ட அடங்கும், என் பாட்டெல்லாம் நாலு டிஸ்கில் முடிந்திருக்கும். மாற்றுகிற வேலையைச் செய்யாமல் ஓடியோக் கணக்கில் 32 டிஸ்க் காசு மட்டும் வாங்கியிருக்கிறார்.

பிறகு "முதலாளி யாழ்ப்பாணம் போயிட்டார்", அப்புறம் "அடிச்ச டிஸ்க் திருப்பி எடுக்கிறேல்லை", இப்போது போனே எடுப்பதில்லை. 9,600 ரூபா, இரண்டு நாள் ஹயர் காசு.

முதலில் ஒரேயொரு டிஸ்க் அடிப்பியுங்கள். கடைக் கணினியை நம்பாமல் உங்கள் வாகனத்திலேயே போட்டுப் பாருங்கள். கடதாசி ஸ்டிக்கர் ஒட்ட விடாதீர்கள், வெயிலில் கழன்று செட்டுக்குள் சிக்கும். "ஓடியோ சீடி" என்று எழுதி பில் வாங்குங்கள். என்னிடம் பில் இல்லை.