கையால அடிச்ச கத்தி, வருஷக்கணக்கா புழங்கின பிறகு

சமையலறையில நான் தினமும் எடுக்கறது கையால அடிச்ச கார்பன் ஸ்டீல் கத்தி தான், பல வருஷமாச்சு. புதுசா வாங்கிட்டு ஒரு வாரத்துலயே "ஐயோ கறுத்துப் போச்சே"ன்னு பதறுறவங்கள நிறைய பாக்குறேன், அதான் எழுதலாம்னு.

அந்த கறுப்பு துரு இல்லங்க. எலுமிச்சை, தக்காளி, வெங்காயம்னு நறுக்க நறுக்க அலகுல நீலம், ஊதா, சாம்பல்னு திட்டு திட்டா வரும், அப்புறம் எல்லாம் கலந்து கருஞ்சாம்பலா நின்னுடும். அதுவும் இரும்பு ஆக்சைடு தான், ஆனா இரும்போட ஒட்டிக்கிட்டு படலமா இருக்கும், செந்துரு மாதிரி பொரிஞ்சு உதிர்ந்து உள்ள அரிச்சுக்கிட்டே போகாது. சந்தேகமா இருந்தா வெள்ளைத் துணியால தேச்சு பாருங்க, செம்மண் கலர்ல ஒட்டுச்சுன்னா துரு, சமையல் சோடாவ குழைச்சு தேச்சா லேசான துரு போயிடும். ஒட்டலையா, அப்படியே விட்டுடுங்க. பளபளன்னு வேணும்னு வாராவாரம் தேய்க்கிறவங்க கத்திக்கு இருக்கிற காப்பையே உரிச்சு போடுறாங்க.

துரு பிடிக்குதுன்னு கத்திய திட்டியும் பிரயோஜனம் இல்ல. துருவ தடுக்கிறது குரோமியம்ங்கிற உலோகம் தான். ஸ்டெயின்லெஸ்ல அது 10.5 சதவீதமாவது இருக்கும், பட்டறையில அடிக்கிற கத்தி நிறைய வண்டி பட்டை ஸ்பிரிங்ல வர்றது, அதுல பெரும்பாலும் 1 சதவீதம் கூட தேறாது.

எல்லாரும் எண்ணெய் எண்ணெய்ங்கிறாங்க, என்னைக் கேட்டா துணி தான் முக்கியம். கழுவுன கையோட தொடச்சிடணும், ஸ்டாண்டுல செருகி தானா காயட்டும்னு விடக்கூடாது. அதுலயும் அலகு கைப்பிடிக்குள்ள போற இடம் இருக்கே, துணி ஓரத்த முறுக்கி அந்த இடுக்குல ஒரு இழு இழுத்துட்டு தான் வைப்பேன். அங்க தண்ணி இறங்குச்சுன்னா உள்ள இருக்கிற இரும்பு துருவேறி உப்பி கட்டையவே பொளந்துடும், வெளிய விரிசல் தெரியும்போது உள்ள பாதி போயிருக்கும். தினமும் புழங்கினா எண்ணெயே வேண்டாம். ஊருக்குப் போறதா இருந்தா மட்டும் உணவுக்கு ஆகுற மினரல் ஆயில் ரெண்டு சொட்டு, பூசுனது தெரியாத அளவுக்கு. சமையல் எண்ணெய் நாளானா பிசுபிசுன்னு கோந்து மாதிரி ஆயிடும். தோல் உறையில போட்டு மாசக்கணக்கா வைக்காதீங்க, தோல் ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும்.

கைப்பிடிக்கு எப்பவாச்சும் ஆளி விதை எண்ணெய் தேய்ப்பேன். ஒண்ணு கவனம், தேச்ச துணிய கசக்கி குப்பையில போட்டா தானா சூடேறி தீயே பிடிக்கலாம், விரிச்சு காயவெச்சுட்டு போடுங்க.

சாணை தான் பெரிய விஷயம். பாதி கத்தி மழுங்கி சாகல, மெஷின் சாணையில தான் சாகுது. அடிச்சு முடிச்சு கடைசியா பதம் போடுறது (நொறுங்காம இருக்க இரும்ப மிதமா சூடாக்குறது) கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸ்ல, வாய் ஓரம் அவ்ளோ மெலிசு, சுத்துற கல்லுல தண்ணி இல்லாம வெச்சா நொடியில அத தாண்டிடும். ஓரம் நீலமாச்சுன்னா அந்த இடத்துல பதம் போச்சு, அது தேஞ்சு போற வரைக்கும் எவ்ளோ தீட்டினாலும் கூர் சரியா நிக்காது. நான் 1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) தண்ணிக்கல்லு, அதாவது தண்ணி விட்டு தீட்டுற கல்லு தான் வெச்சிருக்கேன். கல்லுக்கும் அலகுக்கும் நடுவுல 15லேந்து 20 டிகிரி கோணத்துக்குள்ள தீட்டுவேன். ஓரத்துல மார்க்கர் பேனாவால கோடு போட்டுட்டு ரெண்டு இழுப்பு இழுத்தா மை எங்க அழியுதுன்னு பாத்து கோணம் சரியான்னு தெரிஞ்சிக்கலாம். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் விரல்ல நிரடுற மாதிரி பிசிறு வரும், அது நுனியிலேந்து அடி வரைக்கும் வந்தப்புறம் தான் பக்கம் மாத்தணும். கடைசியில பழைய தோல் பெல்ட்டுல, கத்தியோட முதுகு முன்னால போற மாதிரி இழுத்தா பிசிறு போயிடும். கூர் லேசா குறைஞ்சா பெல்ட்டே போதும், கல்லு பக்கமே போறதில்ல.

கண்ணாடி பலகை, டிஷ்வாஷர் ரெண்டுக்கும் பெரிய கும்பிடு. வீட்ல நறுக்கிட்டு சிங்க்ல அப்படியே போட்டுட்டு போற ஆள் யாராவது இருந்தா, அவங்களுக்குன்னு தனியா ஒரு ஸ்டெயின்லெஸ் கத்தி வாங்கி வெச்சிடுங்க, சண்டை மிச்சம்.