எங்கள் மலை ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: எதற்குப் போகலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது

ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் இரண்டே வழிதான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடக்க வேண்டும். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். மாமியாருக்கு சுகரும் பிரஷரும் இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. அதனால் இந்த இடத்துக்கு அடிக்கடி போய் வருகிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன்.

ஓ.பி. காலை 9 மணியிலிருந்து மாலை 4 வரை. எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு இது கஷ்டமான நேரம். மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிக்கிறபோது ஒரு நாள் கூலி போனால் அந்த வாரமே இடிக்கும். இப்போது இருக்கிற டாக்டரம்மா இதைப் புரிந்து வைத்திருக்கிறார். முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூலிக்காரர்களை முதலில் பார்த்து அனுப்புகிறார், பாதி நாள் வேலையாவது கிடைக்கட்டும் என்று. என்னைப் போல வீட்டில் இருக்கிறவர்களை அப்புறம் கூப்பிடுவார். அதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் இந்த இடத்தை நம்ப ஆரம்பித்தது மாமியாரின் காலை அவர் பார்த்த விதத்தில்தான். செருப்பைக் கழற்றச் சொல்லி, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் முனையில் மெல்லிய நைலான் இழை. "கண்ண மூடிக்கங்க பாட்டி, தொடறது தெரிஞ்சா சொல்லுங்க" என்று உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக, இழை லேசாக வளைகிற அளவுக்கு அழுத்தினார். கட்டை விரலில் "ம்" என்றார் மாமியார். நடுப்பாதத்திலும் "ம்". முன்பாதத்தில் சின்ன விரல் பக்கம் தொட்டபோது சத்தமே இல்லை. மறுபடி தொட்டார், அப்போதும் இல்லை. கண்ணைத் திறந்து, "தொட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார் மாமியார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "சுகர் நரம்பைப் பாதிச்சிருக்கு. முள்ளு குத்தினாலும் இவங்களுக்குத் தெரியாது. தினமும் ராத்திரி நீங்க உள்ளங்காலைப் பார்த்துடுங்க" என்றார்.

காப்பித் தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை பார்த்துப் பழகியவர் என் மாமியார். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஃபீஸ் கட்டிக் காட்டினோம். அங்கே ஒரு தடவைகூடச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மருந்து கொடுக்கிற ஜன்னலையும் பாராட்டத்தான் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரைக் கவரில் சூரியனும் பிறை நிலாவும் வரைந்து கொடுக்கிறார்கள். பாதி மாத்திரை என்றால் அரை வட்டம். அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையில் கொடுப்பார்கள். வர முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

பிரசவத்துக்கு யோசிக்காமல் பதிந்துகொள்ளுங்கள். பேறுகாலத்துக்கு முன்னாலேயே துணைக்கு ஓர் ஆளோடு வந்து தங்க இங்கே காத்திருப்பு அறை இருக்கிறது. என் ஓரகத்தி அப்படித்தான் தங்கினாள். ராத்திரி வலி எடுத்தபோது ஜீப்பைத் தேடி ஓட வேண்டிய அவதி இல்லை, நர்சம்மா பக்கத்து அறையில் இருந்தார். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து 18,000 ரூபாய் உதவிக்கும் பதிந்து வைத்தார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறு, பத்து, பதினாலு வாரத்து ஊசிகளுக்குத் தேதி தள்ளினால் நர்சம்மா வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, சேலத்துக்குப் போகிற வழி அடைபட்டதே, அப்போது எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கட்டடம்தான். கரண்ட் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் எல்லாரும் பயந்துபோய் வந்து நின்றோம். இருந்த மருந்தைக் கணக்குப் பார்த்துப் பிரித்து, யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக இங்கே வாருங்கள். முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆவது நாள் என ஊசி இலவசம். காயம் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பாம்புக் கடிக்கும் இங்கேதான் முதலில் வர வேண்டும், விஷமுறிவு மருந்து இருக்கிறது. மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

நெஞ்சு வலி, வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது என்றால் மட்டும் இங்கே வரிசையில் உட்காராதீர்கள். உடனே 108க்குப் போன் போடுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் ஜி.எச். போய்ச் சேர முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது, பனி மூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் இறங்கும். இங்கே எக்ஸ்ரே கிடையாது. எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் கட்டுப் போட்டுக் கீழே அனுப்பத்தான் செய்வார்கள். மாலை 4க்கு மேல் நர்ஸ் மட்டும்தான், டாக்டரைப் போனில் கூப்பிட வேண்டும். சுகர் ரிசல்ட் அன்றைக்கே கிடைத்துவிடும், மற்ற சில டெஸ்ட்டுக்கு ரத்தம் வெளியே போய் வர நாளாகும்.

எனக்கு மனசு ஆறாத குறை கழிப்பறைதான். கோடையில் தண்ணீர் வருவதில்லை. கர்ப்பிணிகள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி இருப்பது எவ்வளவு கெடுதல்! டாக்டரம்மா எழுதிப் போட்டுப் பார்த்துவிட்டார். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் தனித் தொட்டியும் குழாய் இணைப்பும் வேண்டும் என்று நாங்கள் பெண்கள் சேர்ந்து மனு கொடுக்கிறோம். நம் மலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அன்றைக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள்.