ஃபைப்ரோஅடினோமா: விட்டுவைப்பதா, எடுத்துவிடுவதா?

என் மார்பில் இருந்த கட்டிக்கு பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவில் ‘ஃபைப்ரோஅடினோமா’, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி, என்று வந்ததும் டாக்டர் இரண்டு வழி சொன்னார். அப்படியே விட்டு ஸ்கேனில் கவனித்து வரலாம், இல்லை எடுத்துவிடலாம். நான் விட்டுவைத்தேன். என் அண்ணி அதே வகைக் கட்டியை எடுத்துக்கொண்டார். இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

ஆனால் இந்தத் தேர்வே பயாப்சிக்குப் பிறகுதான் வருகிறது. “தொட்டால் நழுவுது, அப்ப கேன்சர் இல்ல” என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் நிறைய. ஃபைப்ரோஅடினோமா பெரும்பாலும் வழவழப்பாக, விரலுக்குப் பிடிபடாமல் நகரும். நீர்க்கட்டி மாதவிலக்குக்கு முன் வீங்கி வலித்து, பிறகு அடங்கும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், பல நேரம் வலியே இல்லாமல் இருக்கும். எல்லாமே ‘பெரும்பாலும்’தான். அதனால்தான் கைப்பரிசோதனை, ஸ்கேன், திசுப் பரிசோதனை மூன்றும் ஒரே பதிலைச் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் ‘டக்’ என்ற சத்தத்தோடு திசு எடுத்தார்கள். வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் நான் துள்ளினேன்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம்: பிரெஸ்ட்ஸ்கிரீன் சிங்கப்பூர் என்ற தேசியத் திட்டத்தின் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. 40 முதல் 49 வயது வரை ஆண்டுதோறும், 50க்கு மேல் 2 ஆண்டுக்கு ஒருமுறை. கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் அதற்குக் காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்துக்குப் போய் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். அந்த வழியில் போனால் மானியமும் கிடைக்கும்.

எடுப்பதில் இருக்கும் நன்மை வெளிப்படை: கட்டி போய்விடும், முழுத் திசுவும் பரிசோதனைக்குப் போகும். அண்ணிக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்தார்கள், அன்றே வீடு திரும்பிவிட்டார். தழும்பு இருக்கிறது. சில மில்லிமீட்டர் வெட்டில் வேக்குவம் ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. அதை எங்கள் இருவரில் யாரும் செய்துகொள்ளவில்லை, அதனால் சிபாரிசு செய்ய எனக்கு வாய் வரவில்லை. எடுத்துவிட்டால் மார்பில் வேறு இடத்தில் புதிது வராது என்ற உத்தரவாதமும் கிடையாது.

விட்டுவைப்பதில் எல்லாம் ஒரே விஷயத்தில்தான் நிற்கிறது: அடுத்த ஸ்கேனுக்கு ஒழுங்காகப் போவீர்களா? எனக்கு 6 மாத இடைவெளி சொன்னார்கள். அங்கே பார்ப்பது, கட்டி எத்தனை மில்லிமீட்டர், போன தடவையைவிட வளர்ந்திருக்கிறதா என்பதை. அறுவையில் எடுக்க வேண்டிய ஃபிலோட்ஸ் என்ற கட்டி ஃபைப்ரோஅடினோமா மாதிரியே தோற்றம் காட்டும், ஊசித் திசுவிலும் சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வேகமான வளர்ச்சிதான். இரண்டு தடவை போகாமல் விட்டால் அந்த வேகம் யார் கண்ணிலும் படாது. முடிந்தவரை ஒரே மருத்துவமனைக்கே போங்கள், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வேறு இடம் மாறினால் படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒழுங்காகப் போகிறவர்களுக்கு, உறுதியான சாதாரண ஃபைப்ரோஅடினோமா என்றால், கத்தி தேவையில்லை என்பேன். மாதவிடாய் நின்ற பிறகு பல கட்டிகள் தாமாகவே சுருங்கும். கர்ப்ப காலத்தில் வளரக்கூடும் என்கிறார்கள். அந்த அனுபவம் எனக்கில்லை, குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, பயாப்சி முடிவில் இயல்பு மாறிய செல்கள் என்று வந்தாலோ பேச்சு வேறு.

அண்ணி வேலை விஷயமாக மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பவர். 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்பது அவருக்கு நடக்கிற காரியமில்லை, எடுத்துக்கொண்டது அவருக்குச் சரி. எந்த வழியில் போனாலும் காம்பில் ரத்தக் கசிவு, தோலில் குழி, அக்குளில் புதுக் கட்டி என்று எதைக் கண்டாலும் தேதி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.