கே3எஸ் கிளஸ்டரும் சிஸ்டம் அப்கிரேடு கண்ட்ரோலரும்: மூன்று வருட அனுபவம்

பல மெஷின்களை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள் குபர்னெட்டிஸ், அதன் எடை குறைந்த வடிவம் கே3எஸ். மூன்று வருடமாக எங்கள் கே3எஸ் கிளஸ்டரை, நோடுகளின் வெர்ஷனைத் தானாக உயர்த்தும் சிஸ்டம் அப்கிரேடு கண்ட்ரோலர் என்ற கருவியை வைத்துத்தான் அப்கிரேடு செய்கிறோம். கிளஸ்டரை நிர்வகிக்கும் மூன்று சர்வர் நோடு, வேலைகளை ஓட்டும் நான்கு ஏஜென்ட் நோடு, எல்லாமே சொந்த மெஷின்கள். கருவி நல்ல கருவி. ஆனால் அதை ஓட விட்டுவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்க்க முடிந்தது, எங்கள் கிளஸ்டருக்கென்று ஓர் ஆவணம் எழுதி வைத்த பிறகுதான்.

குபர்னெட்டிஸில் வருடத்துக்கு மூன்று மைனர் வெளியீடு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதம்தான் ஆதரவு, நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது, 1.24இலிருந்து 1.26க்குப் போக வேண்டும் என்றால் 1.25 வழியாகத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் நோடு நோடாக உள்ளே நுழைந்து, டிரெயின் செய்து (அதில் ஓடுபவற்றை வெளியேற்றி), இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டி, திரும்பத் திறந்துவிட்டு என்று ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். அதனாலேயே தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

இந்தக் கண்ட்ரோலரிடம் ‘பிளான்’ என்று ஒரு யாமல் கோப்பைக் கொடுத்தால் போதும். எந்த நோடுகள், எந்த வெர்ஷன், ஒரே நேரத்தில் எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு நோடிலும் அது ஒரு ஜாபை ஓட்டி, கே3எஸ் பைனரியை மாற்றிவைத்துப் பழைய பிராசஸை நிறுத்தும், லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி புதியதை எழுப்பிக்கொள்ளும். சர்வர்களுக்கு ஒரு பிளான், ஏஜென்ட்களுக்கு ஒரு பிளான். சர்வர் பிளான் முடியும் வரை ஏஜென்ட் பிளான் காத்திருக்கும்படி அமைக்கலாம். சர்வர் பிளானில் கன்கரன்சி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை நோடு என்பது, எப்போதும் 1தான். கிளஸ்டரின் தகவல்களைச் சேமிக்கும் எட்சிடி தரவுத்தளத்தில், மூன்று சர்வர் இருந்தால் இரண்டு உயிரோடு இருந்தே ஆக வேண்டும், இதில் பேச்சே கிடையாது.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறு, வெர்ஷனைக் குறிப்பிடாமல் ‘ஸ்டேபிள்’ சேனலை, அதாவது இப்போதைய நிலையான வெர்ஷன் எது என்று சொல்லும் முகவரியை, கொடுத்தது. கண்ட்ரோலர் அந்தச் சேனலை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் சேனல் அடுத்த மைனருக்கு நகர்ந்தது, எங்கள் கிளஸ்டரும் கூடவே நகர்ந்தது. நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை. வெர்ஷன் தாண்டிக் குதிப்பதைக் கண்ட்ரோலர் தடுக்காது என்று அதிகாரபூர்வ ஆவணத்திலேயே தெளிவாக இருக்கிறது, நாங்கள்தான் வாசிக்கவில்லை. அன்றிலிருந்து வெர்ஷனை முழுசாக எழுதி, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) ரெப்போவில் வைக்கிறோம், அந்த ஒரு வரியை மாற்றி இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் அப்கிரேடு. எங்கள் ஆவணத்தின் முதல் பக்கம் அப்படித்தான் பிறந்தது.

இரண்டாம் பக்கம் டிரெயின் பற்றியது, அதிகம் புரட்டப்பட்டதும் அதுதான். ஒருநாள் ஏஜென்ட் நோடு ஒன்று இரண்டு மணி நேரமாக அப்படியே நிற்கிறது. ஜாபின் பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) ‘இனிட்’ நிலையை விட்டு நகரவில்லை. பாடின் லாகைக் கேட்டால் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ‘டிரெயின்’ என்கிற இனிட் கன்டெய்னரின் (முதன்மை வேலைக்கு முன் ஓடுவது) லாகை. அதைத் திறந்தால் ஒரே பாடை வெளியேற்ற ஐந்து நொடிக்கு ஒருமுறை முயன்று, டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (குறைந்தது எத்தனை பாட் ஓட வேண்டும் என்ற விதி) இடம் தரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு ரெப்ளிகா (பிரதி) ஓடும் சர்வீஸுக்கு ‘குறைந்தது ஒன்று இருக்க வேண்டும்’ என்று நாங்களே விதி வைத்திருந்தோம், அப்புறம் அது எப்படி வெளியேறும்? இப்போது அப்கிரேடுக்கு முந்தைய நாள் எல்லா பட்ஜெட்டையும் பட்டியலிட்டு, அனுமதிக்கப்பட்ட இடையூறு பூஜ்ஜியம் என்று காட்டுவதைச் சரிசெய்துவிடுகிறோம்.

நீக்கப்பட்ட ஏபிஐகளைப் பற்றியும் கருவி எதுவும் சொல்லாது, அது அதன் வேலையும் இல்லை. 1.25இல், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான்ஜாபின் பழைய பீட்டா ஏபிஐ போய்விட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஜாப்கள் பாட்டுக்கு ஓடின, எல்லாம் சரி என்று நினைத்தோம், இரண்டு வாரம் கழித்து பழைய யாமலை அப்ளை செய்தபோதுதான் அது விழுந்தது. அதனால் ஒவ்வொரு மைனருக்கும் எது நீங்குகிறது, எங்கள் ரெப்போவில் அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தேடி எழுதிவைக்கிறோம்.

சின்ன விஷயம் ஒன்று: வெர்ஷனில் கூட்டல் குறி வரும், ஆனால் அந்த வெர்ஷனின் கன்டெய்னர் இமேஜுக்குப் பெயரிடும் டேகில் கூட்டல் குறி வர முடியாது என்பதால் அங்கே அது சிறுகோடாகிவிடும். சொந்த ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கில்) இமேஜைக் கொண்டுவந்து வைப்பவர்கள் இதைக் கவனிக்கவும், எங்களுக்கு அரை நாள் போனது. இந்த நேரத்துக்குள் மட்டும் அப்கிரேடு ஆகட்டும் என்று பிளானிலேயே சொல்லும் வசதி புதிய வெர்ஷன்களில் வந்திருக்கிறது, ரொம்ப உதவி. ஆனால் தொடங்கிய ஜாப் நேரம் முடிந்த பிறகும் ஓடலாம்.

பின்னோக்கிப் போக வழி வேண்டும் என்றால் எட்சிடியின் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) அவசியம். கே3எஸ் தானாகவே நாளுக்கு இரண்டு முறை எடுக்கும், அது போதாது, பிளானைத் தொடுவதற்கு முன் கையால் ஒன்று எடுத்து வேறு மெஷினில் வைத்துவிடுங்கள். கிளவுடில் நிர்வகிக்கப்படும் கிளஸ்டர் உங்களுடையது என்றால் இந்தக் கருவியே தேவைப்படாது.

கடந்த முறை அப்கிரேடைச் செய்தது அணிக்குப் புதிதாக வந்த தம்பி. ஆவணத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சர்வர் தயார் நிலைக்கு வரக் கொஞ்சம் நேரமானது, அவர் பதறவில்லை. முடிந்ததும் ‘இங்கே பத்து நிமிடம் வரை காத்திருக்கலாம், கையை வைக்க வேண்டாம்’ என்று அவராகவே ஒரு வரி சேர்த்து அனுப்பினார்.